ஒன்பது கட்டத்துக்குள்ள ஒரு ஆளு

பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உக்காந்துடுங்க.

மேஜையைச் சுத்தி உக்காந்து பகடை உருட்டி ரோல்பிளேயிங் கேம் ஆடுற ஆளுங்க நாலு பேரை ஒரு ரூமுக்குள்ள விட்டீங்கன்னா, அஞ்சாவது நிமிஷம் ஒரு சண்டை ஆரம்பிச்சிருக்கும். "அலைன்மெண்ட் தேவையா, இல்லையா?" இந்தச் சண்டைக்கு வயசு அம்பது ஆயிடுச்சு. ஒரு கோஷ்டி அது இல்லாம ஆட்டமே இல்லைங்கும். இன்னொரு கோஷ்டி அதைக் கிழிச்சுக் குப்பையில போடுங்கும். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குன்னு சொல்லி நழுவற உத்தேசம் எனக்கு இல்லை.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். அலைன்மெண்ட் தேவை. ஆனா அது கேள்வியா இருக்கிற வரைக்கும்தான். அது தீர்ப்பா மாறிடுச்சுன்னா ஆட்டமும் கெடும், ஆடுறவங்களுக்கு நடுவுல இருக்கிற சிநேகமும் கெடும். ஏன்னு சொல்றதுதான் மிச்சப் பதிவு.

இந்த ஆட்டம் தெரியாதவங்களுக்காக ஒரு பத்தி. தெரிஞ்சவங்க தாண்டிப் போயிடலாம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு ஒரு ஆட்டம். சுருக்கமா டி அண்ட் டி. 1974-ல அமெரிக்காவுல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன்னு ரெண்டு பேர் சேர்ந்து உருவாக்கினது. போர்டு கிடையாது, காய் நகர்த்தி ஜெயிக்கிற வேலையும் கிடையாது. ஒருத்தர் கதை நடத்துவார், அவருக்கு டஞ்சன் மாஸ்டர்னு பேர், சுருக்கமா டிஎம். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்குவாங்க. "முன்னாடி ஒரு பூட்டின கதவு, உள்ள யாரோ அழற சத்தம் கேக்குது, என்ன பண்றீங்க?"ன்னு டிஎம் கேப்பார். நாம சொல்லணும். நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வந்தா 20 முகப் பகடையை உருட்டணும். அவ்ளோதான் ஆட்டம். மீதியெல்லாம் பேச்சு, சிரிப்பு, பஜ்ஜி.

நம்ம பாத்திரத்தோட விவரம் எல்லாம் ஒரு தாள்ல இருக்கும். பேர், பலம், கையில இருக்கிற கத்தி, பையில இருக்கிற கயிறு. அந்தத் தாள்ல ஒரு சின்னக் கட்டம். அதுல எழுதற ரெண்டு வார்த்தைதான் அலைன்மெண்ட். முதல் வார்த்தை ஒழுங்கைப் பத்தினது: லாஃபுல், நியூட்ரல், கேயாட்டிக். ரெண்டாவது குணத்தைப் பத்தினது: குட், நியூட்ரல், ஈவில். மூணை மூணால பெருக்கினா ஒன்பது. லாஃபுல் குட் ஒரு மூலை, கேயாட்டிக் ஈவில் எதிர் மூலை. இன்டர்நெட்ல சினிமா ஹீரோவுல இருந்து சமோசா வரைக்கும் எதையாவது ஒன்பது கட்டத்துல அடுக்கிப் படம் போடறாங்களே, அதுக்கெல்லாம் தாய்வீடு இதுதான் :-)

*

இதுல குட், ஈவில் யாருக்கும் புதுசில்லை. லாஃபுல், கேயாட்டிக்னு இன்னொரு அளவுகோலைத் தனியாப் பிரிச்சு வச்சாங்க பாருங்க, அதுதான் விஷயம். லாஃபுல்னா போலீஸ் சட்டம் மட்டும் இல்லை. கொடுத்த வாக்கு, குலம், கடமை, படிநிலை, இதுக்கெல்லாம் கட்டுப்படற மனசு. கேயாட்டிக்னா கிறுக்குத்தனம் இல்லை. என் மனசாட்சிக்கு மேல எந்தக் கட்டுப்பாடும் கிடையாதுங்கிற மனசு.

நமக்குத் தெரிஞ்ச உதாரணமாவே சொல்றேன். கும்பகர்ணனையும் விபீஷணனையும் எடுத்துக்குங்க. அண்ணன் செஞ்சது தப்புன்னு ரெண்டு தம்பிக்கும் தெரியும். ரெண்டு பேரும் அதை அண்ணன் முகத்துக்கு நேராவே சொன்னாங்க. அதுக்கப்புறம் ஒருத்தன் அண்ணனுக்காகப் போருக்குப் போய்ச் செத்தான். இன்னொருத்தன் எதிர் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தான். யார் நல்லவன்? பட்டிமன்றம் வச்சே நாம அலுத்துப்போன தலைப்பு. 'நல்லவன் கெட்டவன்'னு ஒரே ஒரு கோடு போட்டா இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தைச் சொல்லவே முடியாது. குறுக்கால இன்னொரு கோடு போட்டாச் சொல்லலாம். ஒருத்தனுக்குக் கட்டுப்பாடு பெருசு, இன்னொருத்தனுக்கு நியாயம் பெருசு.

அந்த ரெண்டாவது கோடுதான் அலைன்மெண்டோட உண்மையான பலம்னு நான் நினைக்கிறேன். "நீ நல்லவனா?"ன்னு கேட்டா எல்லாப் பாத்திரமும் "ஆமா"ன்னுதான் சொல்லும். "வாக்கு ஒரு பக்கம், நியாயம் ஒரு பக்கம் இழுத்தா நீ எந்தப் பக்கம்?"ன்னு கேட்டாத்தான் ஆள் யாருன்னு தெரியும்.

*

இந்தச் சமாச்சாரம் முதல்ல எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சா இப்ப நடக்கிற சண்டையில பாதி புரிஞ்சிடும்.

1974-ல வந்த முதல் புத்தகத்துல ஒன்பது கட்டம் கிடையாது. லா, நியூட்ராலிட்டி, கேயாஸ்னு மூணே மூணு. நல்லது கெட்டதுன்னு பேச்சே இல்லை. பால் ஆண்டர்சன் எழுதின 'த்ரீ ஹார்ட்ஸ் அண்ட் த்ரீ லயன்ஸ்' நாவல்லயும் மைக்கேல் மூர்காக்கோட எல்ரிக் கதைகள்லயும் ஒழுங்குன்னு ஒரு சக்தி, குழப்பம்னு ஒரு சக்தி, ரெண்டும் உலகத்துக்காக மோதிக்கும். அங்க இருந்து வந்த யோசனை. தவிர டி அண்ட் டி பிறந்ததே பொம்மைப் படை வச்சு ஆடற போர் விளையாட்டுல இருந்துதான். அங்க முக்கியமான கேள்வி ஒண்ணே ஒண்ணு: இந்தப் பொம்மை யார் படை? அதனால அன்னைக்கு அலைன்மெண்ட்னா குணம் இல்லை, கட்சி. கபடியில எந்தப் பக்கத்துக் கோட்டுல நிக்கிறேங்கிற மாதிரி. ஒரே கட்சிக்காரங்களுக்குள்ள பேசிக்கத் தனி பாஷையே இருந்துச்சுன்னா பாத்துக்குங்க. 1989-ல வந்த ரெண்டாம் பதிப்புலதான் அந்தக் கூத்தைத் தூக்கினாங்க.

1976-ல கைகாக்ஸ் ஒரு கட்டுரை எழுதி, நல்லது கெட்டதுங்கிற ரெண்டாவது கோட்டைச் சேர்த்தார். 1978-ல வந்த அட்வான்ஸ்டு டி அண்ட் டி ஆட்டக்காரர் கையேட்டுல ஒன்பது கட்டம் முழுசா வந்தாச்சு. கட்சியா இருந்தது குணமாயிடுச்சு. அதோட நின்னிருந்தாப் பரவாயில்லை. 1979-ல டிஎம் கையேடு வந்துச்சு. அதுல, ஒவ்வொருத்தர் நடத்தையையும் டிஎம் கவனிச்சுக்கிட்டே வரணும், ஆள் தன் கட்டத்தை விட்டு வேற கட்டத்துக்கு நகர்ந்துட்டான்னா அனுபவத்துல ஒரு லெவல் காலின்னு விதி போட்டாங்க. மாசக்கணக்குல ஆடிச் சேர்த்த லெவல்ங்க அது. குணமா இருந்தது இப்ப கோர்ட்டாயிடுச்சு.

ஆக ஒரே வார்த்தைக்கு மூணு வேலை. கட்சி, குணம், கோர்ட். "அலைன்மெண்ட் தேவை"ங்கிறவர் முதல் ரெண்டை நினைச்சுப் பேசறார். "வேணாம்"ங்கிறவர் மூணாவதுல அடிபட்டு வந்து பேசறார். ரெண்டு பேரும் வேற வேற பொருளைப் பத்திப் பேசிக்கிட்டு ஒரே சண்டை போடறோம்னு நினைச்சுக்கறாங்க.

*

கோர்ட் விவகாரத்துக்கு வர்றேன்.

பாலடின்னு ஒரு பாத்திர வகை உண்டு. கடவுளுக்குச் சத்தியம் செஞ்சு கொடுத்த போர்வீரன். 1978 விதிப்படி பாலடின் லாஃபுல் குட்டாத்தான் இருந்தாகணும். தெரிஞ்சே ஒரு கேயாட்டிக் காரியம் பண்ணிட்டா மூத்த பூசாரிகிட்டப் போய்ச் சொல்லிப் பிராயச்சித்தம் செய்யணும். தெரிஞ்சே ஒரு ஈவில் காரியம் பண்ணிட்டா பாலடின் பதவி போச்சு, திரும்ப வரவே வராது. அது ஈவிலா இல்லையான்னு முடிவு பண்றது யாரு? டிஎம்.

சில வருஷம் முன்னாடி நான் ஆடின ஒரு குழுவுல நடந்தது. அந்த டிஎம் பழைய பதிப்பு விதிகளை அப்படியே வச்சு ஆடவைக்கிறவர். நான் அதுல குள்ள வீரன். நண்பர் ஒருத்தர் பாலடின். ஒரு காப்ளினைப் பிடிச்சுக் கட்டிப் போட்டோம். "உண்மையைச் சொன்னா விட்டுடறேன்"னு பாலடின் வாக்கு கொடுத்தார். அது தன் முகாம் எங்கன்னு சொல்லிடுச்சு. இப்ப அதை அவிழ்த்து விட்டா நேரா முகாமுக்கு ஓடும், ராத்திரிக்குள்ள படை வந்து பக்கத்துக் கிராமத்தைக் கொளுத்தும். விடலைன்னா வாக்கு போச்சு. நாங்க இந்தப் பக்கம் தலையைப் பிச்சுக்கிட்டு இருக்கும்போது எங்க கூட்டத்துத் திருடன், "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க சாமி"ன்னான். பாலடின் திரும்பி நின்னார். திருடன் கதையை முடிச்சுட்டான்.

டிஎம் ஒரு செகண்ட் கூட யோசிக்கலை. "நீ தெரிஞ்சே திரும்பி நின்னே. ஈவில். உன் சக்தியெல்லாம் போச்சு, இனிமே நீ சாதாரண வீரன்." அவ்ளோதான். நண்பர் எட்டு மாசமா வளர்த்த பாத்திரம். அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் பகடை உருளவே இல்லை. வாக்கை மீறினது யாரு, கொன்னது யாரு, கிராமத்துல இருக்கிற உசுருக்குக் கணக்கு இல்லையா, எல்லாம் பேசியாச்சு. மணி பத்தாச்சு. நண்பர் தாளை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு "நான் கிளம்பறேன்"னார். அடுத்த ஞாயித்துக்கிழமை வரலை. அதுக்கடுத்த வாரமும் வரலை. ரெண்டு மாசத்துல அந்தக் குழுவே கலைஞ்சு போச்சு.

இதுல எனக்கு ஆத்திரம் எதுலன்னா, அந்த டிஎம் கையில ஒரு தங்கக் கேள்வி இருந்துச்சு. "நீ திரும்பி நிக்கப் போறே. உன் கடவுள் பாத்துக்கிட்டு இருக்கார். அவர்கிட்ட என்ன சொல்வே?" இதை மட்டும் கேட்டிருந்தா அன்னைக்கு ராத்திரி முழுக்க அதைப் பத்தித்தான் ஆடியிருப்போம். பாலடின் நின்னு யோசிச்சிருப்பார். இல்லை, தெரிஞ்சே அந்தப் பாவத்தைத் தலையில ஏத்திக்கிட்டு, அடுத்த நாள் கோயில் வாசல்ல போய் நின்னிருப்பார். ரெண்டுமே பிரமாதமான கதை. கேட்டிருக்க வேண்டிய இடத்துல அவர் தீர்ப்பு சொன்னார். கதையும் போச்சு, ஆளும் போயிட்டார்.

"அப்போ பாலடின் என்ன பண்ணாலும் சும்மா விட்டுடணுமா? விளைவே இல்லாம என்ன ஆட்டம்?"னு பழைய ஆளுங்க கேப்பாங்க. விளைவு கண்டிப்பா வேணும். ஆனா அது கதைக்குள்ள இருந்து வரட்டும். கோயில் பூசாரி கதவைச் சாத்தட்டும். அடுத்த தடவை பிடிபடற காப்ளின் "உங்க சத்தியத்தோட லட்சணம் எங்களுக்குத் தெரியும்"னு சொல்லி வாயைத் திறக்காம இருக்கட்டும். அதை எதிர்த்து எந்த ஆட்டக்காரரும் வாதாட மாட்டார். அது உலகம் கொடுக்கிற பதில். தாள்ல இருக்கிற ரெண்டு வார்த்தையைக் காட்டி "நீ கெட்டவன்"னு எதிர்ல உக்காந்திருக்கிற நண்பர்கிட்டச் சொல்றது வேற. காதுல விழறது பாத்திரத்துக்கு இல்லை, மனுஷனுக்கு.

*

கோர்ட்டுக்கு இன்னொரு வாசலும் இருக்கு. அதுல டிஎம் குத்தவாளி இல்லை, ஆட்டக்காரர்தான்.

கூட்டாளியோட பையில கைய விட்டுக் காசு திருடிட்டு, "நான் என்ன பண்றது, நான் கேயாட்டிக் நியூட்ரல், என் கேரக்டர் அப்படித்தான்"னு சிரிக்கிற ஆள் எல்லாக் குழுவுலயும் ஒருத்தர் இருப்பார். ராஜாவோட சபையில நாற்காலியைக் கொளுத்திட்டு அதே பதிலைச் சொல்வார். லாஃபுல் குட்டுன்னு எழுதிக்கிட்டு எல்லாருக்கும் ஹெட்மாஸ்டர் வேலை பாக்கிறவரும் இதே ஜாதிதான். அந்தக் கட்டம் இவங்களுக்கு லைசென்ஸ். தீர்ப்பை முன்கூட்டியே தனக்குத்தானே எழுதிக் கையெழுத்துப் போட்டு வச்சுக்கிட்டாங்க. அதனால அந்தப் பாத்திரம் ஒரு நாளும் எதையும் யோசிக்காது. "கேயாட்டிக்னா சரி, அந்தக் காசை ஏன் எடுக்கணும்னு தோணுச்சு?"ன்னு கேட்டுப் பாருங்க. பாதிப் பேருக்குப் பதில் வராது. பதில் வந்தா அவர் நல்ல ஆட்டக்காரர், அந்தத் திருட்டையும் ரசிக்கலாம்.

இன்னொரு சின்ன விஷயம், விதிப் பிரியர்களுக்கு. 2000-ல வந்த மூணாம் பதிப்புல பாலடினுக்கு எதிர்ல இருக்கிறவன் ஈவிலா இல்லையான்னு மோப்பம் பிடிக்கிற சக்தி இருந்துச்சு. எத்தனை தடவை வேணும்னாலும் பண்ணலாம். கொலை யார் பண்ணாங்கன்னு கண்டுபிடிக்கிற கதையை அந்த ஆளை வச்சுக்கிட்டு நடத்திப் பாருங்க. வரிசையா நிக்க வச்சு மோப்பம் பிடிச்சா சந்தேக லிஸ்ட் பாதியா குறைஞ்சிடும் :-( 2014-ல வந்த அஞ்சாம் பதிப்புல இதை மாத்திட்டாங்க. பேய், பிசாசு, தேவதை மாதிரி ஆசாமிகள் பக்கத்துல இருக்காங்களான்னு மட்டும்தான் தெரியும். மனுஷனோட மனசுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாது. ரொம்பச் சரி. மனசுக்குள்ள இருக்கிறதைப் பேசித்தான் கண்டுபிடிக்கணும்.

*

இப்ப கொஞ்சம் கனமான பகுதி. பிறப்பு.

1979-ல கைகாக்ஸ் எழுதின 'த கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்'னு ஒரு கதைப் புத்தகம். புதுசா ஆட வர்றவங்களுக்கான பெட்டியோட சேர்ந்தே வந்ததால ஏகப்பட்ட பேரோட முதல் ஆட்டமே அதுதான். ஒரு பள்ளத்தாக்கு, சுத்தி நிறையக் குகை, குகைக்கு ஒரு கூட்டமா காப்ளின், ஓர்க், கோபால்டு. உள்ள போய் வெட்டணும், புதையலை எடுக்கணும். ஆனா அந்தக் குகைகள்ல வீரர்கள் மட்டும் இல்லை. பொம்பளைங்களும் குஞ்சு குழந்தைகளும் இருக்காங்க. புத்தகமே அப்படித்தான் போட்டிருக்கு. அவங்களை என்ன பண்றது? அம்பது வருஷமா இந்தக் கேள்வியில எத்தனையோ குழு மாட்டிக்கிட்டு முழிச்சிருக்கு. "ஓர்க் பிறக்கும்போதே ஈவில், குழந்தையா இருந்தா என்ன, வெட்டு"ன்னு ஒருத்தர். "குழந்தையை வெட்டறவன் எப்படிய்யா குட்டு?"ன்னு இன்னொருத்தர்.

எங்க அக்கா பையன் பன்னெண்டு வயசுல எங்களோட ஆட வந்தான். ரெண்டாவது வாரமே கேட்டுட்டான். "அது கெட்டதுன்னு யார் மாமா முடிவு பண்ணாங்க?"

நியாயமான கேள்வி. பதிலைப் புத்தகத்துலயே தேடிப் பாருங்க, சிரிப்பு வரும். 1974 பட்டியல்ல ஓர்க் ரெண்டு இடத்துல இருக்கு. நியூட்ரல் பட்டியல்லயும் இருக்கு, கேயாஸ் பட்டியல்லயும் இருக்கு. அதாவது எந்தப் பக்கமும் போகலாம். 1977-ல வந்த மான்ஸ்டர் மேனுவல்ல ஓர்க் லாஃபுல் ஈவில் ஆயிடுச்சு. 2000-ல கேயாட்டிக் ஈவில். 2024-ல வந்த ஆட்டக்காரர் கையேட்டுல ஓர்க் நாமளே எடுத்து ஆடற வகையில ஒண்ணு, எந்த அலைன்மெண்டும் நம்ம விருப்பம். அம்பது வருஷத்துல பிறவிக் குணம் மூணு தடவை மாறியிருக்கு. அது என்ன பிறவிக் குணம்? எழுதற ஆளோட பேனாவுல இருக்கிற குணம்.

பிறப்பை வச்சுக் குணத்தை முடிவு பண்றதுக்கு நம்மூர்ல வேற பேர் இருக்கு. அதைப் பத்தி நான் புதுசாச் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணும்னு இல்லை. விளையாட்டுதானேன்னு விடலாம். ஆனா பன்னெண்டு வயசுப் பையன் ஒருத்தன் அந்த மேஜையில உக்காந்து, "இந்தக் கூட்டத்துல பிறந்தா கெட்டவன், வெட்டினா பாவம் இல்லை"ங்கிறதை விதின்னு கத்துக்கறான்னா எனக்கு உறுத்தும்.

அதுக்காக எல்லா அசுரனையும் மனம் திருந்தின மகானாக்கணும்னு சொல்லலை. பிசாசுகள் விஷயம் வேற. டி அண்ட் டி உலகத்துல டெவில்னு ஒரு கூட்டம், டீமன்னு ஒரு கூட்டம். முதலாவது லாஃபுல் ஈவில், ரெண்டாவது கேயாட்டிக் ஈவில். ரெண்டும் முடிவே இல்லாம ஒண்ணையொண்ணு அழிச்சுக்கிட்டே இருக்கும். ஒப்பந்தப் பத்திரத்தோட வர்ற கெட்டதும், காட்டுத்தீ மாதிரி வர்ற கெட்டதும் வேற வேறங்கிறதை இதைவிட அழகாச் சொல்ல முடியாது. அதுங்க தாய் வயித்துல பிறந்து வளர்ந்ததுங்க இல்லை, கெட்டதே உருவம் எடுத்து வந்ததுங்க. அங்க அலைன்மெண்ட் பழையபடி கட்சி. கச்சிதமா வேலை செய்யும். தாயும் பிள்ளையும் சமையலும் சண்டையுமா வாழற ஒரு கூட்டத்துக்கு மொத்தமா ஒரே முத்திரை குத்தறதுதான் தப்பு.

*

"இவ்ளோ தொல்லைன்னா தூக்கிப் போட்டுடலாமே?" போடலாம். போட்டவங்களும் இருக்காங்க. 1981-ல வந்த கால் ஆஃப் கத்துலுவுல அலைன்மெண்ட் கிடையாது, புத்தி பேதலிக்கிற கணக்குதான் உண்டு. ஒன்பது கட்டத்தை அப்படியே வச்சிருந்த பாத்ஃபைண்டர் கூட 2023-ல அதைத் தூக்கிட்டு, ஒவ்வொரு கடவுளுக்கும் செய்ய வேண்டியது, செய்யவே கூடாததுன்னு பட்டியல் போட்டுடுச்சு. டி அண்ட் டி-யிலயே 2014-க்கு அப்புறம் அலைன்மெண்ட் பேருக்குத்தான் இருக்கு. அதை வச்சு நடக்கிற விதி ரொம்பக் கம்மி.

ஆனா தூக்கிப் போட்டா நாம ரெண்டு விஷயத்தை இழக்கிறோம்.

ஒண்ணு, புதுசா ஆட வர்றவங்களுக்கு அது பெரிய கைப்பிடி. முதல் நாள் தாளைக் கையில கொடுத்து "உன் பாத்திரத்தோட உள்மனசைச் சொல்லு"ன்னா முழிப்பாங்க. "சட்டத்தை மதிப்பானா, மீறுவானா? அடுத்தவனுக்காகக் கஷ்டப்படுவானா, மாட்டானா?"ன்னு ரெண்டே கேள்வி கேளுங்க. அஞ்சு நிமிஷத்துல ஒரு ஆள் உருவாகி எழுந்து நிப்பான். டிஎம்முக்கும் அப்படித்தான். திடீர்னு ஒரு காவல்காரன் வேணும், யோசிக்க நேரம் இல்லை. லாஃபுல் நியூட்ரல்னு ஓரத்துல எழுதிக்கிட்டா போதும். அவன் லஞ்சம் வாங்க மாட்டான், இரக்கமும் காட்ட மாட்டான், ரூலைக் காட்டுவான். தாலுகா ஆபீஸ்ல நாம பாத்த ஆளுதான்.

ரெண்டு, கேள்வி. தாள்ல எழுதியிருக்கிறதுக்கும் கையில செய்யறதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி விழும்போதுதான் பாத்திரம் உயிரோட இருக்கு. எழுதவே இல்லைன்னா இடைவெளியும் இல்லை. 1999-ல வந்த பிளேன்ஸ்கேப் டார்மெண்ட் கம்ப்யூட்டர் கேம் ஆடினவங்களுக்கு இது புரியும். ஹீரோவுக்குத் தன் பேர் கூட ஞாபகம் இல்லை. நட்டநடு நியூட்ரல் கட்டத்துல ஆரம்பிப்பான். நீங்க என்ன பேசறீங்க, என்ன செய்யறீங்கங்கிறதை வச்சுக் கட்டம் நகரும். அங்க அலைன்மெண்ட் சிறை இல்லை, கண்ணாடி.

மேஜை ஆட்டத்துலயும் இதை அழகாப் பண்ணினவங்க உண்டு. 1985-ல கிரெக் ஸ்டாஃபோர்டு எழுதின பென்டிராகன், ஆர்தர் ராஜா காலத்து வீரர்கள் கதை. அதுல குணங்கள் ஜோடி ஜோடியா 13 இருக்கும். இரக்கம் ஒரு பக்கம், கொடூரம் ஒரு பக்கம். அடக்கம் ஒரு பக்கம், கர்வம் ஒரு பக்கம். ஒரு ஜோடியோட கூட்டுத்தொகை 20. இரக்கம் 14-ன்னா கொடூரம் 6. சிக்கலான நேரத்துல பகடை உருட்டி உன் குணம் உன்னை எங்க இழுக்குதுன்னு பாக்கலாம். நடந்துக்கிறதைப் பொறுத்து அந்த எண்ணும் ஏறும், இறங்கும். யாரும் யாரையும் 'நல்லவன் கெட்டவன்'னு ஒரே வார்த்தையில முடிக்க முடியாது. இரக்கமும் கர்வமும் ஒரே ஆள்கிட்ட இருக்கலாம், நம்ம எல்லாரையும் போல.

2012-ல வந்த டஞ்சன் வேர்ல்டு இன்னும் எளிமை. அலைன்மெண்ட்ங்கிறது ஒரே ஒரு செயல். பாலடின் 'குட்'னா, உன்னைவிட எளியவனைக் காப்பாத்த உன் உசுரை ஆபத்துல வை. திருடன் 'ஈவில்'னா, உன் தலைக்கு வர்ற ஆபத்தையோ பழியையோ அடுத்தவன் தலையில தள்ளு. ஆட்டம் முடியும்போது "செஞ்சியா?"ன்னு கேப்பாங்க. செஞ்சிருந்தா ஒரு பாயிண்ட். செய்யலைன்னா தண்டனை ஒண்ணும் இல்லை. தீர்ப்பு எடுத்தாச்சு, கேள்வி மட்டும் மிச்சம். நான் பாத்ததுல எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி இதுதான்.

*

இதையெல்லாம் வச்சு இப்ப எங்க வீட்டு மேஜையில நாங்க வச்சிருக்கிற பழக்கம் நாலு. டி அண்ட் டி ஆடினாலும் இதுதான் நடைமுறை.

1. கட்டத்துல எழுதறதும் அழிக்கிறதும் ஆட்டக்காரர் மட்டும்தான். பென்சில்ல எழுதணும். டிஎம் கை அதுல படக்கூடாது.

2. பெரிய காரியம் நடக்கப்போகுதுன்னா டிஎம் ஒரு தடவை கேக்கலாம், "இது உன் ஆளுக்குச் சம்மதமா?" முன்னாடிதான் கேக்கணும். நடந்து முடிஞ்ச பிறகு கேக்கறது கேள்வி இல்லை, குத்தம் கண்டுபிடிக்கிறது.

3. "என் கேரக்டர் அப்படித்தான்"னு சொல்றவர் அடுத்த வரியில 'ஏன்'னு சொல்லியாகணும். கூட இருக்கிறவங்க ஆட்டத்தைக் கெடுக்கிற 'ஏன்' செல்லாது.

4. பேய் பிசாசு தவிர வேற எந்தக் கூட்டத்துக்கும் மொத்தமா ஒரு முத்திரை கிடையாது. ஆளைப் பாத்துத்தான். ஓர்க்காவே இருந்தாலும்.

மூணாவது பழக்கத்தால ஒரு திருடன் ஆட்டக்காரர் முதல் மாசம் முறைச்சார். அப்புறம் தன் பாத்திரம் ஏன் திருடுதுன்னு யோசிச்சு, சின்ன வயசுல பட்டினி கிடந்ததை வச்சு ஒரு கதை சொன்னார் பாருங்க, அன்னைக்கு யாரும் பஜ்ஜியைத் தொடலை.

அலைன்மெண்டைத் திட்டறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். உங்களைக் கடிச்சது அந்த ஒன்பது கட்டம் இல்லை. அதைக் கையில பிடிச்சுக்கிட்டு நீதிபதி நாற்காலியில உக்காந்த ஆளு. நாற்காலியை எடுத்துட்டு, கட்டத்தை ஆட்டக்காரர்கிட்டயே கொடுத்துப் பாருங்க. விட்டுக்கொடுக்காம ஆதரிக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. 1979 விதியைக் காட்டி லெவலைப் புடுங்கறதுல என்ன சந்தோஷம்? எதிர்ல உக்காந்திருக்கிறது உங்க சிநேகிதன். வாரம் பூரா ஆபீஸ்ல தீர்ப்பு வாங்கிட்டுத்தான் ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வர்றான்.

உங்க குழுவுல எப்படி? கட்டம் இருக்கா, கிழிச்சாச்சா? பின்னூட்டத்துல வந்து சொல்லுங்க. கும்மி அடிச்சாலும் சரி.

டிஸ்கி: கும்பகர்ணன் லாஃபுல் குட்டா, லாஃபுல் நியூட்ரலான்னு எங்க குழுவுல இன்னும் முடிவாகலை. அக்கா பையன் மட்டும் "அவர் தூக்கத்துல இருந்தா ட்ரூ நியூட்ரல்"ங்கிறான். இப்போதைக்கு அதுதான் லீடிங் :-)